பாய் சொன்னா அது இல்ல

வண்டி சந்துக்குள் முழுசாக நுழைந்திருக்காது. பாதி உடம்பு இன்னும் திருவொற்றியூர் ஹைரோட்டில்தான் நிற்கும். அதற்குள் மெக்கானிக் பாய் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். கையில் இருக்கிற வேலையைக் கீழே போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, "கிளட்ச்சு போச்சி!" என்பார். அல்லது "டைனமோ!" என்பார். அல்லது, "ஹெட்டு கேஸ்கட்டும்மா, கண்ண மூடிகினு சொல்றேன்" என்பார். சொல்லிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி சந்தேகம் இருக்காது. அப்படிச் சொன்னதில் ஒன்றாவது சரியாக இருந்து ரொம்ப நாள் வரை நான் பார்த்ததில்லை.

முதல் தடவை போனபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. தண்டையார்பேட்டையில் நான் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். சேர், டேபிள், ஷாமியானா, அண்டா, கரண்டி, சீரியல் லைட் என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் கொடுப்பேன். அதற்காக, காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கினேன். எத்தனை தடவை கழுவினாலும் வஞ்சிரம் வாசனை போகாத வண்டி. நானே ஓட்டினேன். ஒருநாள் வண்டி இழுக்கவே இல்லை. எவ்வளவு மிதித்தாலும் எருமை மாதிரி நகர்ந்தது. மெட்ரோ வேலைக்காக ரோட்டை வெட்டிப் போட்டிருந்த வருடங்கள் அவை. அந்தப் பள்ளங்களுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து, பாய் கடை இருந்த சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"கிளட்ச்சு போச்சி!" என்றார் பாய்.

அவர் சொன்ன நொடியில் சந்தில் ஒரு சின்னக் கலகலப்பு ஏற்பட்டது. எதிரே இஸ்திரி போடும் அக்கா பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். டீக்கடை மாமு பாலை அடுப்பில் ஏற்றினார். இவர்களுக்கு என்ன வந்தது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். பாய் வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்தார். பிளேட் புத்தம் புதுசாக மின்னியது. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படுத்த வாக்கிலேயே சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மாமு, போடு டீ! எல்லாருக்கும் போடு!"

அதுதான் அந்தச் சந்தின் வழக்கம். பாய் முதலில் சொன்னது தப்பானால் சந்து முழுக்க டீ, செலவு பாயுடையது. தப்பாகத் திறந்த வேலைக்குக் கூலியும் வாங்கமாட்டார். எனக்கோ கோபம் தலைக்கு ஏறியது. சாயங்காலம் ஒரு காதுகுத்துக்குச் சேர் போடவேண்டும்.

"இன்னா பாய், விளையாட்டா இருக்கா உங்களுக்கு? அரை நாள் போச்சி எனக்கு!"

"கோச்சிக்காதம்மா. கிளட்ச்சு இல்லன்னு தெரிஞ்சிச்சில்ல? பாதி வேல முடிஞ்சிச்சி. மீதிய தேடுவோம், வா."

மீதியை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்தார். பின்சக்கரத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டிக் கொடுத்தார். அந்தச் சக்கரம் அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கண்டுபிடிப்பதில் பாய் எவ்வளவு மோசமோ, சரிபண்ணுவதில் அவ்வளவு கெட்டிக்காரர். அவசரம்தான் அவர் வியாதி. வாய் முதலில் ஓடும், கை பின்னால் நிதானமாக நடந்து வரும். இதைத் தெரிந்துகொண்டுதான் ராயபுரத்திலிருந்து விம்கோ நகர் வரை ஆட்கள் அவரிடம் வந்தார்கள். அவர் சொன்னதை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். அதன்பிறகு அவரை நம்பலாம்.

சந்துக்காரர்கள் இதை வண்டியோடு நிறுத்தவில்லை. "இன்னிக்கி மழ வராது, வெயிலு கொளுத்தப் போவுது" என்று பாய் வானத்தைப் பார்த்துச் சொன்னால், மாடியில் காயப்போட்ட துணிகளை எடுக்க நாலு வீட்டிலிருந்து பெண்கள் ஓடுவார்கள். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் பசங்கள் அவர் கடை வாசலிலேயே நிற்பார்கள். அவர் எந்த அணி ஜெயிக்கும் என்கிறாரோ அதைக் கேட்டுக்கொண்டு எதிர் அணியின் பேரைக் கத்திக்கொண்டு போவார்கள். இஸ்திரி அக்காவின் மகள் பிரசவத்துக்குப் போனபோது, "பையன்தான், சிங்கக்குட்டி!" என்றார். அக்கா நேராகப் போய் ஒரு சின்னப் பாவாடையும் சட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். பேத்திதான் பிறந்தாள். பாய் தானே ஒரு டப்பா மிட்டாய் வாங்கிக்கொண்டுபோய், "பாத்தியாம்மா, ஒன்ன ஏமாத்தாம சொல்லிட்டேன்" என்றார்.

இதில் அவருக்கு வருத்தமே கிடையாதா என்று நான் ஒருநாள் கேட்டேன். டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கடையில் வேலையாள் இல்லை. வண்டி யாருடையதோ அவர்தான் டார்ச் பிடிக்கவேண்டும்.

"இன்னாத்துக்கு வருத்தம்? நான் தப்பா சொன்னா பத்து பேரு டீ குடிக்கிறான். ரைட்டா சொன்னா எவன் எனக்கு வாங்கித் தரப்போறான்?"

அப்படிச் சிரித்துக்கொண்டே திரிந்த மனிதர் வாயை மூடிக்கொண்டதை அந்த நாட்களில் நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இஸ்திரி அக்காவின் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா தலைவிரிகோலமாகச் சந்துக்குள் வந்து, பாயின் முன்னால் நின்று, "இன்னா பாய் தோணுது உனுக்கு? பொழைப்பாரா?" என்று கேட்டார். பாய் வாயைத் திறந்தார். திறந்த வாயில் தோளில் கிடந்த துண்டின் நுனியைத் திணித்துக்கொண்டார். ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் தலையாட்டவில்லை. நேராக ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த ஆட்டோவில் அன்றைக்கு வேலை எதுவும் இல்லை. அக்கா எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் தேறி வீட்டுக்கு வந்தபிறகுதான் பாய் சொன்னார்: "எனுக்கு அன்னிக்கே தெரியும், பொழச்சிக்குவாருன்னு."

"அப்போ சொல்லித் தொலைக்கறதுதானே! அது எப்படி அழுதுச்சி பாவம்!" என்றேன்.

"அய்யய்ய... நான் வாயத் தொறந்து பொழைப்பாருன்னு சொல்லி, அப்பால ஆளு பூட்டாருன்னா?"

தன் வாய்க்கு அவரும் பயந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சிரித்தேன், ஆனால் அவர் மேல் அப்படி ஒரு பாசம் வந்தது.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிறார். தங்கமான மனிதர், ஆனால் பயந்த சுபாவம். என் பிக்கப்பை அவர் 'பழைய இரும்பு' என்றுதான் சொல்வார். வண்டியை விற்றுவிடு, சேர் ஏற்ற வாடகை வண்டி வைத்துக்கொள் என்று மாதம் ஒரு தடவையாவது ஆரம்பிப்பார். கணக்குப்படி அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் மனசு வரவில்லை. அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்வரை நான் எங்கு போவதென்றாலும் யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் கால் கடுக்க நிற்கவேண்டும். இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கன்டெய்னர் லாரிக்காரன்கூட ஒதுங்கி வழிவிட்டான். 'மாமி, எங்க லோடு?' என்று கேட்டான். வண்டி போனால் நான் மறுபடியும் கடைக்குள் கரண்டி எண்ணிக்கொண்டு உட்காரவேண்டியவள். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகிவிட்டால் வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும், கொசுமருந்து அடிக்கிற வண்டி வந்துவிட்டது என்று குழந்தைகள் ஓடிவந்தார்கள். நின்ற இடத்தில் வண்டி உதறும். உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம். பச்சை டீசல் வாடை வேறு.

வீட்டுக்காரர் தயக்கமே இல்லாமல் சொன்னார்: "இன்னொரு தடவ இது நடுரோட்டுல நின்னுச்சின்னா வித்துடுவோம். சரியா?"

வேறு வழி தெரியாமல் சரி என்றேன். நேராகப் பாயிடம் ஓட்டிக்கொண்டு போனேன்.

"நாசிலு!" என்று அங்கிருந்தே கத்தினார் பாய். "மூணாவது நாசிலு. கழட்டிப் பம்பு கடைக்கி எடுத்துகினு போ."

நாசில் என்றால் இன்ஜினுக்குள் டீசலைப் பனி மாதிரித் தூவுகிற சின்ன மூக்கு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. அதைச் சோதித்துச் சரிபண்ணுகிற இடம்தான் பம்புக் கடை. மூக்கு கெட்டுவிட்டால் தூவாது, குழாய் மாதிரி ஒழுகும். ஒழுகினால் புகையும் வரும், தட்டுகிற சத்தமும் வரும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பாய் நாசில் என்று சொல்லிவிட்டார், ஆகவே அது நாசில் இல்லை.

சந்தே சந்தோஷப்பட்டது. "நாசிலு தப்பிச்சிச்சி!" என்று டீக்கடை மாமு கைதட்டினார். இஸ்திரி அக்கா என் தோளைத் தட்டி, "பெரிய செலவு மிச்சம் ஒனுக்கு" என்றார். நான் பாயைப் பார்த்தேன். பாய் கொஞ்சம் தலையைச் சொறிந்தார்.

"இல்லம்மா, சத்தம் அப்டித்தான் கீது..."

"பாய், நீங்க சொல்லிட்டீங்கல்ல? அது இல்ல. வேற பாருங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், பாயும் ஒத்துக்கொண்டார். எங்களைவிட அவருக்குத்தான் தன் வாய்மேல் நம்பிக்கை குறைவு. "அது சரி, நானே சொல்லிட்டேனே" என்று சொல்லிக்கொண்டு டீசல் பில்டரைக் கழற்றினார். உள்ளே தண்ணீரும் அழுக்கும் சேறு மாதிரி நின்றது. சந்து முழுக்க ஆரவாரம். "தோ, இதான் திருட்டுப்பய!" பில்டரை மாற்றினார். வண்டி ஓரளவு அடங்கியது. புகை குறைந்தது. எல்லோரும் டீ குடித்தோம். அந்த அழுக்கு பில்டரைத் தாண்டிப் போய் மூன்றாவது நாசிலின் மூக்கை எப்போதோ கெடுத்துவிட்டது என்று யாருக்குத் தோன்றியது?

சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர்க் குப்பம் ஒன்றில் கல்யாண வரவேற்பு. எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர். சேர், டேபிள், அண்டா, அடுப்பு எல்லாம் என்னுடையது. மத்தியானத்துக்குள் அண்டா போய்ச் சேர்ந்தால்தான் பிரியாணிக்கு அடுப்பு பற்றவைக்க முடியும். லீவு நாள் என்பதால் வீட்டுக்காரரும் கூட வந்தார். சேர்கள் வானத்தைத் தொட, எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் கடலுக்குப் போட்ட பாறாங்கல், இன்னொரு பக்கம் ஹார்பருக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிகள்.

பாதி வழியில் வண்டி இருமியது. டக் டக் என்ற சத்தம் டமார் டமார் என்று மாறியது. பின்னால் பார்த்தால் ரோடே தெரியவில்லை, வெள்ளைப் புகை. மிதித்தால் நகரவில்லை. ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன்.

வீட்டுக்காரர் கதவுக் கண்ணாடியை மட்டும் இறக்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் பாட்டுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  ஆர்டரும் போச்சு, வண்டியும் போச்சு. போனை எடுத்துப் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், நின்னுடுச்சி பாய். நடுரோட்டுல நின்னுடுச்சி. அவரும் கூட இருக்கார்."

"ஆஃப் பண்ணிட்டு கம்முனு ஒக்காரு. வந்துகினே இருக்கேன்."

லாரிகளின் இடுக்குகளில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து வந்து சேர்ந்தார். இறங்கினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பாய் ஒரு வண்டியின் முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பானெட்டைத் திறந்தார்.

"ஸ்டார்ட் பண்ணு."

வண்டி முக்கி முனகி, உதறிக்கொண்டே ஓடியது. பாய் ஸ்பேனரை எடுத்து, நாசில்களுக்கு டீசல் கொண்டுபோகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார். முதல் நட்டைத் தளர்த்தியதும் வண்டி இன்னும் தடுமாறியது. அப்படியென்றால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். முறுக்கிவிட்டார். இரண்டாவதும் அப்படியே. நான்காவதற்குத் தாவினார், அதுவும் அப்படியே. மூன்றாவதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. தளர்த்தினார். டீசல் கொப்பளித்து வெளியே வந்தது. தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது. மற்றபடி வண்டி முன்னால் எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடியது.

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீயே சொல்லும்மா, எதுன்னு."

"மூணாவது நாசில், பாய்."

"நீதான் சொன்ன. நான் சொல்லல. நல்லா கவனம் வெச்சிக்கோ." வானத்தைப் பார்த்து, "யா அல்லா, இந்தம்மா சொன்னதுதான்" என்று சாட்சி வேறு வைத்தார்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தடவையாக அவர் முதலில் சொன்னது சரியாகிவிட்டது. அதைத் தாங்கிக்கொள்ள அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

புது நாசிலுக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? பாய் மூன்றாவது குழாயை நாசிலிலிருந்து முழுசாகக் கழற்றினார். அதன் வாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகிக் கம்பியால் இறுக்கினார். டியூபின் மறுமுனையை ஒரு காலி எண்ணெய் கேனுக்குள் விட்டு, கேனை பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டினார். மூன்றாவது சிலிண்டருக்குப் போகவேண்டிய டீசல் இப்போது கேனுக்குள் சொட்டும். வண்டி மூன்று சிலிண்டரில் நொண்டிக்கொண்டு போகும்.

"கேனு ரொம்பறதுக்குள்ள நிறுத்தி டேங்க்குல ஊத்தணும். இல்லன்னா இன்ஜின் மேல வழிஞ்சி பேஜாராப்பூடும். யாரு ஊத்தறது?" என்று கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

வெள்ளைச் சட்டை போட்ட என் வீட்டுக்காரர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பானெட்டுக்குள் கையை விட்டார். அதற்கப்புறம் நாங்கள் போன அழகு இருக்கிறதே! வண்டி உதறின உதறலில் மேலே சேர்கள் எல்லாம் கூத்தாடின, அண்டாக்கள் உள்ளே ஒன்றோடொன்று மோதி மேளம் அடித்தன. பாய் ஸ்கூட்டரில் முன்னால் போய், ஹாரன் அடித்து அடித்து, லாரிக்காரர்களிடம், "வயிய வுடுப்பா, கல்யாண வண்டி!" என்று கத்தினார். வழியில் நிற்க நிற்க வீட்டுக்காரர் குதித்து இறங்கி, கேனைக் கழற்றி, டேங்கில் ஊற்றி, மறுபடி ஓடிவந்து ஏறினார். முதல் தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். அப்புறம் நான் பிரேக் மிதிப்பதற்கு முன்னாலேயே கதவைத் திறக்க ஆரம்பித்தார். சட்டை பூராவும் டீசல். தலைமுடியில்கூட டீசல். நான் பார்க்காத நேரத்தில் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

குப்பத்துக்குள் நுழைந்தபோது சமையல் மாஸ்டர் கரண்டியும் கையுமாக ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் ஓடிவந்து அண்டாக்களை இறக்கினார்கள். மூச்சு விடுவதற்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. சாயங்காலம் எங்கள் மூன்று பேரையும் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். என் வீட்டுக்காரர் மேல் அடித்த டீசல் வாடைக்குப் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். அதற்கும் சிரித்தோம்.

மறுநாள் நாசிலைக் கழற்றிப் பம்புக் கடையில் கொடுத்து, புது மூக்கு போட்டு, சோதித்து வாங்கிவந்து பாய் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, உதறல் இல்லை. பாய் பானெட்டின்மேல் சாய்ந்து, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். தூங்குகிற பேரப்பிள்ளையைப் பார்க்கிற முகம்.

சந்து மட்டும் சாவு விழுந்த மாதிரி இருந்தது. பாய் சரியாகச் சொல்லிவிட்டார் என்ற சேதி எல்லோருக்கும் போய்விட்டது. அடுப்பில் பால் வைப்பதா வேண்டாமா என்று மாமுவுக்குத் தெரியவில்லை. "இனிமேல் மழ வராதுன்னு சொன்னா துணிய எடுக்கறதா வேணாவா, எதையாவது ஒண்ணு சொல்லுங்கடா" என்று இஸ்திரி அக்கா எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்தார். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.  நான் கொடுத்த வாக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தது: நடுரோட்டில் நின்றால் விற்றுவிடுவது. அவர் நேராகப் பாயிடம் போனார்.

"பாய், நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். இந்த வண்டி இனிமே ஓடுமா, ஓடாதா? வெச்சிக்கலாமா, வித்துடலாமா?"

சந்து முழுக்கக் கூடிவிட்டது. பாய் என்னைப் பார்த்தார். நான் என்ன முகம் வைத்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. அவர் கை தோளில் கிடந்த துண்டைத் தேடியது. ஐயோ, வாயில் வைத்துக்கொண்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்துவிடுவார் என்று பயந்தேன். அவர் படுக்கவில்லை. ஓடும் என்று சொன்னால் என் கதை முடிந்தது, சந்தில் ஒரு ஆள்கூட நம்பமாட்டார். ஓடாது என்று சொன்னால்? ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்ட மனிதர் அவர். இந்தத் தடவையும் சரியாகச் சொல்லிவிட்டதாக என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டால்?

பாய் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடாது சார்," என்றார். "இந்த தீபாவளி தாண்டாது. எழுதியே குடுக்கறேன், இது அவ்ளோதான்."

சந்தில் எழுந்த கூச்சல் ஹைரோடு வரை கேட்டிருக்கும். மாமு கடைக்கு ஓடினார். இஸ்திரி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன் வண்டிக்கி ஆயுசு நூறுடி!" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப் பார்க்கிற மனிதர், எந்தக் கணக்கைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பாயே சொல்லிட்டாரு" என்றார். "வண்டிய எடு. யார்டு வரைக்கும் என்னக் கொண்டுபோய் வுடு."

எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. பாயைத் தேடினேன். அவர் கூட்டத்தில் சேரவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், குனிந்து ஸ்பேனர்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு காதும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. அன்றுவரை பாய் சொன்ன தப்பு ஒவ்வொன்றும் அவர் மனசார நம்பிச் சொன்னது. எனக்காகச் சொன்ன இந்த ஒன்றைத்தான் அவர் நம்பவில்லை.